லோடு அண்ணாத்தேயும் பக்கத்து சீட்டும்

கீழே விழாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்பதை முழுமனதாக நம்பிய ஒரே மனிதர், மண்ணூர்பேட்டை லோடு அண்ணாத்தே. நீங்களும் நானும் ஒரு வீட்டைப் பார்த்தால் பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்போம். அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இது தெக்காலதான் சாயும்" என்பார். கல்யாண வீட்டில் பெண் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். போட்டோ எடுக்க மேடையில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், அவர்களில் கனமானவர்கள் எந்த ஓரத்தில் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ஒருமுறை பெண்ணின் பெரியப்பாவிடமே நேராகப் போய், "நைனா, நீ கொஞ்சம் சென்டருக்கு வா. உன்னாலதான் மொத்த மேடையும் ஒரு பக்கமா இஸ்துகினு கீது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடாமல்தான் வீடு திரும்பினார்.

காரணம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர் அவர். முன்னால் இரண்டு இரும்புக் கையை நீட்டிக்கொண்டு, பெட்டி பெட்டியாக அள்ளித் தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. பெட்டிகளை உயரமாக அடுக்கிவிட்டால் முன்னால் பாதை தெரியாது. அதனால் பாதி நேரம் ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். அப்படிக் கழுத்தைத் திருப்பித் திருப்பியே பழகி, தெருவில் சும்மா நடந்து போகும்போதும் நாலு அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். யாரோ துரத்துகிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் பயந்துபோவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை என்று கம்பெனியில் ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அது டி.வி.க்கு மேலே, சாமி படங்களுக்குச் சமமான மரியாதையோடு நின்றது. தினமும் துடைப்பார். துடைத்துவிட்டு, சுவரை ஒட்டி நகர்த்தி வைப்பார். ஓரமாக வைத்தால் விழுந்துவிடுமாம்.

அவர் வீட்டு மாடி போர்ஷனில் நான் சில வருஷம் குடியிருந்தேன். மிக்ஸி, கிரைண்டர் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவீர்களே, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. அமைதி வேண்டும். வீடு பார்க்கப் போன அன்று அட்வான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாரு எழுபத்தெட்டு கிலோ இருப்பாரு. சென்டர் கொஞ்சம் முன்னால கீது. படி எறங்கசொல்லோ பாத்து எறங்கணும் சார்."

தொப்பையை இவ்வளவு மரியாதையாகச் சொன்னவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அங்கேயே குடியேறிவிட்டேன்.

அவர் மனைவி வசந்தா அக்கா வாசலை ஒட்டிய அறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். துணியையும் பேச்சையும் ஒரே மாதிரி சரக்கென்று வெட்டுவார். தெருவே லோடு அண்ணாத்தே என்று கொண்டாடிய மனிதரை அவர் மட்டும் "யோவ்" என்றுதான் கூப்பிடுவார். அந்த "யோவ்"வில் கோபம் எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று.

இப்படி இருந்த வீட்டில்தான் அந்தப் பூசணிக்காய் விவகாரம் நடந்தது.

பக்கத்திலிருக்கும் பாடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். முடிந்து, இருவரும் அண்ணாத்தேயின் பழைய பைக்கில் எஸ்டேட் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பெரிய பூசணிக்காயை மடியில் வைத்திருந்தார். அண்ணாத்தே அந்தப் புது வீட்டின் தண்ணீர்த் தொட்டி எப்படித் தப்பான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விளக்கிக்கொண்டே வந்தார். வழியில் பெயிண்ட் அடிக்காத ஒரு ஸ்பீடு பிரேக்கர். பைக் குதித்தது. அக்காவும் பூசணிக்காயும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பைக் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர்த் தொட்டி பற்றிய விளக்கமும் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வந்தவர்கள், நடுரோட்டில் உடைந்து கிடந்த பூசணிக்காயைப் பார்த்து, யாரோ திருஷ்டி கழிக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்களாம்.

அண்ணாத்தே தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டார். அங்கே வண்டியை நிறுத்தி, "இன்னாமே, நான் பாட்டுக்கு பேசிகினே வர்றேன், ஒரு வார்த்தையும் காணோம்?" என்று கேட்டிருக்கிறார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "யார்கிட்ட அண்ணாத்தே பேசறே?" என்று கேட்டிருக்கிறார்.

திரும்பிப் போய்ப் பார்த்தால், அக்கா பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அழவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"யோவ், இன்னமே இந்த ஜென்மத்துல உன் பின்னால ஒக்கார மாட்டேன்."

கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தார். தெரு ஒரு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். டீக்கடையில் அண்ணாத்தே தலை தெரிந்தாலே, "பின்னால ஆள் கீதா பாத்துக்கோ அண்ணாத்தே" என்று குரல் வரும். எல்லாவற்றுக்கும் நாலு பதில் வைத்திருக்கிற மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருநாள் வாடகை கொடுக்கக் கீழே போனபோது டி.வி.க்கு மேல் கேடயத்தைக் காணோம். "எங்கே?" என்றேன். "பரண்ல தூக்கிப் போட்டேன் சார்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது.

சில மாதம் கழித்து அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மறுநாள் காலையே பைக்கை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரிக்க ஆரம்பித்தார். மனைக்காரர் பெங்களூரில் இருந்தார். மனையைச் சீமைக்கருவேல முள்தான் அனுபவித்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து பைப் வந்தது. உடைத்துப்போட்ட சின்ன கார் ஒன்றின் ஸ்டீயரிங் வந்தது. ஆட்டோவிலிருந்து கழற்றின சக்கரங்கள் வந்தன. வெல்டிங் ஏழுமலை என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் சாயங்காலம் ஆனால் மிஷினோடு வந்து தீப்பொறி பறக்கவிடுவார். பகலில் கிரைண்டிங், சாயங்காலம் வெல்டிங். "சத்தமில்லாமல் இயங்கும் புதிய மிக்ஸி" என்று மேலே நான் எழுதிக்கொண்டிருப்பேன், கீழே க்ரீச் என்று இரும்பு அறுபடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கீழே இறங்கிச் சத்தம் போட்டேன். "என்னதான் அண்ணாத்தே செய்யறீங்க இங்கே?"

"நாலு சக்கர வண்டி சார். பைக்கு இன்ஜின்ல ஓடும். மண்ணு, மேடு, பள்ளம் எல்லாத்துலயும் ஏறி எறங்கும். போன்ல வீடியோ பாத்தேன். ஒருத்தன் ஆத்து மணல்ல இன்னாமா ஓட்டறான் தெரியுமா?"

"இந்த வயசில் உங்களுக்கு ஆத்து மணலில் என்ன வேலை?"

அவர் சுற்றிலும் பார்த்தார். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார். கேட்டது. அப்புறம்தான் சொன்னார்.

"பின்னால ஒக்கார மாட்டேன்னுதானே சார் சொன்னா? பக்கத்துல ஒக்கார மாட்டேன்னு சொல்லலியே."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன்: "அதுக்கு ஒரு பழைய கார் வாங்கலாமே?"

"காரு எவனோ செஞ்சது சார். அது எங்க சாயும்னு எனக்கு இன்னா தெரியும்? இது நானே செஞ்சா, ஒவ்வொரு பைப்பும் தெரியும். இன்னொரு தபா அவள கீழ உடக் கூடாது சார். அவ்ளோதான்."

அந்த இன்ஜின்தான் அக்காவைத் தள்ளிவிட்டது. அதே இன்ஜின்தான் அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வேறு இன்ஜின் பேச்சே கிடையாது. இதில் அவருக்கு என்ன கணக்கோ தெரியாது. ஆனால் அக்கா ஏறுவாரா மாட்டாரா என்பது அன்றிலிருந்து தெருவுக்கே கேள்வியாகிவிட்டது. வீட்டில் மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா காலி மனைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். சாத்திய ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி இருந்ததை, கீழே நின்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும், மாடியிலிருந்த நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி உருவாகும்போதே, வசந்தா அக்கா கனத்துக்கு அரிசி மூட்டைகளைப் பக்கத்து சீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இதை ரகசியமாகச் செய்திருக்கலாம். ஏழுமலைக்குக் குரல் பெரிசு.

"அண்ணாத்தே, அக்காவுக்கு ரெண்டு மூட்ட போதுமா?"

"இன்னும் ஒரு அரை மூட்ட வெய்யி."

ஜன்னல் படாரென்று திறந்தது. "யோவ்! நான் ரெண்டரை மூட்டயா?"

அன்று ராத்திரி அண்ணாத்தே ஹோட்டல் இட்லி பார்சலோடு தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தேன். அரை மூட்டையைக் குறைத்துச் சொல்லியிருந்தால் வீட்டிலேயே சோறு கிடைத்திருக்கும். லோடு விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். வண்டியைப் பார்த்தால் பைப்பில் கட்டின கட்டிலுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் இன்ஜின். தெருவே கூடிவிட்டது. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. நான் யோசித்தேன். புது வண்டி, என்ன செய்யுமோ, எதற்கு வம்பு? என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நானும் அங்கேயே நின்றுகொண்டேன். வண்டி முன்னால்தானே போகும்?

அண்ணாத்தே முதல் கியர் போட்டு கிளட்சை விட்டார். வண்டி பின்னால் வந்தது.

சாதாரணமாக வரவில்லை. பாய்ந்து வந்தது. நான் குதித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கூட்டருக்குக் குதிக்கத் தெரியாது. கண்ணாடி போயிற்று. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைச் சுருட்டிக்கொண்டு, முள்செடியில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது வண்டி. அண்ணாத்தே தலைமேல் யாருடைய உள்பாவாடையோ கிடந்தது. அதை எடுக்காமலே அவர், "தப்பு கியர் போல" என்று சொல்லி இரண்டாவது கியர் போட்டுப் பார்த்தார். வண்டி இன்னும் வேகமாக முள்ளுக்குள் போயிற்று.

விஷயம் இதுதான். பைக் இன்ஜினை அதன் வழக்கமான திசையில் வைத்தால் சைலன்சர் புறப்படுகிற பக்கம் சீட்டைப் பார்த்து இருக்கும். அந்தச் சூடு அக்காவின் முதுகில் அடிக்கும் என்று அண்ணாத்தே இன்ஜினையே முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார். இன்ஜின் திரும்பினால் செயின் இழுக்கிற திசையும் திரும்பும் என்பது அண்ணாத்தேக்கும் தோன்றவில்லை, ஏழுமலைக்கும் தோன்றவில்லை. ஆக, நாலு கியரும் ரிவர்ஸ். முன்னால் போக ஒரு கியர்கூடக் கிடையாது.

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்போது ஜன்னல் திறந்தது. வசந்தா அக்கா முள்ளுக்குள் கிடந்த வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு என்ன உட்டுட்டு முன்னால போச்சு. இன்னிக்கு என்னைத் தேடிகினு பின்னால வருது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கை உடைந்த பிறகு அந்த விஷயத்துக்காக அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முள்ளுக்குள் இருந்த அண்ணாத்தேயும் பார்த்தார். உள்பாவாடையைத் தலையிலிருந்து எடுக்கக்கூட மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை மறுநாளே வெட்டுகிற மிஷினோடு வந்தார். "இன்ஜினைப் பேத்து திருப்பிடலாம் அண்ணாத்தே."

"வேணாம். சீட்டைத் திருப்பு."

"இன்னாது?"

"சீட்டையும் ஸ்டீயரிங்கையும் அந்தப் பக்கமா திருப்பி வெச்சிடு. பின்பக்கம்தான் இன்னமே முன்பக்கம்."

அப்படித் திருப்பினால் இன்ஜினும் இழுக்கிற சக்கரமும் முன்னால் வந்துவிடும், வளைந்து திரும்புகிற சக்கரம் பின்னால் போய்விடும். எந்த மனிதனாலும் ஓட்ட முடியாத வண்டி ஆகிவிடும். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் அப்படித்தான் இருக்கும். அண்ணாத்தே முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வாழ்நாள் முழுக்க ஓட்டின வண்டியைத் தனக்கே தெரியாமல் திரும்பவும் செய்துவிட்டார். சூடு தெரியாமல் இருக்க சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஸ்கூட்டர் கண்ணாடி போன எரிச்சல் கேட்க வைத்தது.

"அண்ணாத்தே, இந்தத் தகரத்தை முதல்லயே வெச்சிருந்தா, இன்ஜினைத் திருப்பியிருக்கவே வேண்டாமே?"

அவர் தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏழுமலை வானத்தைப் பார்த்தார்.

"சார், மேல உங்களுக்கு வேல ஒண்ணும் இல்லியா?" என்றார் அண்ணாத்தே.

திருப்பின வண்டியில் முதல் பயணி நான். அக்காதான் என்னை அனுப்பினார். "சாரு போயிட்டு வந்து சொல்லட்டும்" என்றார். காலி மனையை நாலு சுற்று சுற்றினோம். பின்சக்கரம் திரும்புகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? நாம் இடது பக்கம் போகிறோம் என்று நினைக்கும்போது வண்டியின் வால் வலது பக்கம் வீசும். வயிறு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்கும். அண்ணாத்தேயோ ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டு, "இன்னா சார், தொட்டில் மாதிரி இல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கினதும் அக்கா விசாரித்தார்.

"சார், உழுந்தீங்களா?"

"நான் விழலை. என் செருப்புதான் ஒண்ணு விழுந்துடுச்சு."

"செருப்பு உழுந்தா மனுசன் உழ எம்மா நேரம் ஆவும்?" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். இந்தத் தடவை விரல் இடைவெளிகூட விடவில்லை. அண்ணாத்தே என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் ஒரு காலையில் வண்டியைத் தெருவைத் தாண்டி மெயின் ரோடு வரை கொண்டுபோய்விட்டார். நானும் போனேன். செருப்பு விவகாரத்துக்குப் பிறகு அவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பினதும் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"யோவ், ஏன்யா ரிவர்ஸ்ல வர்றே?"

"ரிவர்ஸ் இல்ல சார். இதான் முன்பக்கம்."

"அப்ப ஏன் பின்சக்கரம் திரும்புது?"

"போர்க்லிப்ட் அப்டித்தான் சார் திரும்பும்."

"இது போர்க்லிப்டா?"

"இல்ல சார். பைக்கு."

"பைக்குக்கு எதுக்குய்யா நாலு சக்கரம்?"

"ஊட்ல பயப்படுறாங்க சார்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். "நம்பர் கிடையாது, ஆர்.சி. புக்கு கிடையாது. இன்னொரு தபா இத ரோட்டுல பாத்தேன், ஸ்டேஷனுக்குத் தூக்கிகினு போயிடுவேன். ரோடு இல்லாத எடமா பாத்து ஓட்டிக்கோ" என்றார்.

அண்ணாத்தே யோசித்தார். "சார், எங்க தெரு மொத்தமும் குழாய்க்குத் தோண்டிப் போட்டுகீறாங்க. அது ரோடு இல்லாத எடம்தானே?"

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் போகச் சொன்னார் போலீஸ்காரர். அவர் தலை மறைந்ததும் அண்ணாத்தே இன்ஜினைக் கிளப்பிவிட்டார். ஒரு பெட்டிக்கடைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நாலு கியரும் ரிவர்ஸாக இருந்த வண்டியில், சீட்டைத் திருப்பின பிறகு ரிவர்ஸே கிடையாது. ஆயுளில் பாதியை ரிவர்ஸில் ஓட்டின மனிதர் ரிவர்ஸ் இல்லாத வண்டியைச் செய்து வைத்திருந்தார். தூக்கித் திருப்பினோம். என் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

அந்த வாரமே வண்டி மினி லாரியில் ஏறிக் குத்தம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே வசந்தா அக்காவின் தம்பி இருந்தார். நிலம் இருந்தது, டிராக்டர் நிறுத்துகிற கொட்டகை இருந்தது. அதில் ஒரு ஓரம் கிடைத்தது. ஞாயிறுதோறும் அண்ணாத்தே பஸ் பிடித்துப் போவார், தனியாக வயல் வரப்பு ஓரமெல்லாம் ஓட்டுவார், சாயங்காலம் புழுதியோடு திரும்புவார். போகும்போது, "வர்றியாமே?" என்று கேட்பார். "தைக்க வேண்டியது கீது" என்று அக்கா சொல்வார். தீபாவளி முடிந்து தையலே இல்லாத நாட்களிலும் இதே பதில்தான். தெருவும் அந்தக் கேள்வியை மறந்துபோயிற்று. ஏறமாட்டார் என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டோம்.

அப்போது அந்தத் தம்பியின் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. அத்தை இல்லாமல் வளைகாப்பு நடக்குமா? என்னையும் கூப்பிட்டார்கள். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று நானும் கிளம்பினேன். அக்கா விடியற்காலையில் எழுந்து புளிசாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று மூன்று பெரிய பாத்திரம் நிறையச் செய்து, மூடி போட்டு, வாயைத் துணியால் கட்டியிருந்தார். ஒரு தட்டு நிறைய வளையல். ஆட்டோவில் மூன்று பேரும் பாத்திரங்களைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனோம். முந்தின நாள் ராத்திரி முழுக்க மழை.

மெயின் ரோட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகிற மண்பாதை முனையில் ஆட்டோ நின்றது. அது பாதையாக இல்லை. மண் ஏற்றிப்போகிற லாரிகள் உழுதுவிட்டுப் போயிருந்தன. பள்ளமெல்லாம் சேறு. ஆட்டோக்காரர், "உள்ள போனா வண்டி மாட்டிக்கும் அண்ணாத்தே, மன்னிச்சுக்கோ" என்று எங்களையும் பாத்திரங்களையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. உள்ளேயிருந்து அக்காவுக்கு போன் மேல் போன். தம்பியின் டிராக்டரும் வாடகை உழவுக்குப் போயிருந்ததாம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பாத்திரத்தைத் தூக்கினார். இரண்டடி வைப்பதற்குள் உடைந்த மணிக்கட்டு வலி தாங்காமல் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. விழுந்த அன்றுகூட அழாதவர்.

அண்ணாத்தே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. வாலை வீசிக்கொண்டு, சேற்றை இறைத்துக்கொண்டு, பைப் கட்டில் வந்து நின்றது. ஒரு வட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அக்காவை ஏறு என்று அவர் சொல்லவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சீட்டுக்கு முன்னால் இருந்த இடத்தில் வைத்தார். ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிப் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, கயிறு போட்டுக் கட்டினார். வளையல் தட்டைத் தன் மேல்துண்டில் சுற்றி நடுவில் செருகினார். எல்லாம் ஆன பிறகு பக்கத்து சீட்டைக் கையால் துடைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"கம்பெனில அத்தினி வருசம் ஓட்டிகீறேன். ஒரு அட்டப்பொட்டிய கீழ உட்டதில்ல. உன்ன ஒருத்தியத்தான் உட்டேன்."

உள்ளேயிருந்து திரும்பவும் போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை.

"இப்ப இன்னா, என்னியும் கயித்துல கட்டப் போறியா?"

"ஆமா" என்றார் அண்ணாத்தே. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார். லாரியில் சரக்கு கட்டுகிற அகலமான மஞ்சள் பெல்ட். அதற்குக் கீழே மெத்தென்று பழைய போர்வைத் துணி வைத்துத் தைத்திருந்தது. கோணல் மாணலான தையல். அக்காவின் மிஷினில், அக்காவுக்குத் தெரியாமல் அவரே தைத்திருக்க வேண்டும். அக்கா அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத தைக்கறதுக்கு என்கிட்ட குடுக்கறதுதானே? கேவலமா தெச்சிகீறே" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

அதைப் பார்த்து முழுசாக அனுபவிக்க என்னை விடவில்லை அண்ணாத்தே.

"சார், முன்னால லோடு ஜாஸ்தி. பின்சக்கரம் தூக்கிச்சின்னா ஸ்டீயரிங் கேக்காது. பின்னால ஏறி நில்லுங்க. கவுண்டர் வெயிட்டு வேணும்."

"என்னது?"

"போர்க்லிப்ட்டுக்குப் பின்னால இரும்பு குண்டு இருக்கும்ல சார், கவுறாம இருக்க? அது நீங்கதான்."

சலவை வேட்டியோடு பின்பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்சக்கரம் இறைத்த சேறு, பின்சக்கரம் இறைத்த சேறு, இரண்டும் எனக்கே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போயிற்று. பள்ளத்துக்குப் பள்ளம் அவர் இறக்கி ஏற்றினதில் பொங்கல் பாத்திரத்தின் மூடி ஒரு தரம்கூடத் தட்டவில்லை. பைக்கில் போனால் ஓயாமல் பேசுகிற மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, நொடிக்கு ஒருதரம் இடது பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தார். திரும்பினார், பார்த்தார், மறுபடி திரும்பினார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் அக்கா பொறுக்க முடியாமல் சொன்னார்: "யோவ், ரோட்டப் பாருய்யா."

"ரோடு எங்கமே கீது?"

"செரி, சேத்தப் பாரு. நான் எங்கயும் போவல. இங்கதான் கீறேன்."

நல்ல நேரத்துக்குள் போய்விட்டோம். வளையல் ஒன்றுகூட உடையவில்லை. என் வேட்டியைப் பார்த்துத்தான் வளைகாப்புக்கு வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

அப்புறம் நான் பூந்தமல்லிப் பக்கம் வீடு மாறிவிட்டேன். போன மாதம் வசந்தா அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேருமாகக் குத்தம்பாக்கம் போய்விடுகிறார்களாம்.

"உங்க எடத்துல இப்ப மண்ணு மூட்டதான் சார் ஏத்திகினு போறாரு. வெயிட்டு கரெக்டா கீது. ஆனா அது திட்டவும் மாட்டுது, செருப்பயும் கீழ போட மாட்டுது. சாரு இல்லாம வண்டி நல்லாவே இல்லன்னு பொலம்பினே கீறாரு. ஒரு தபா வந்துட்டுப் போங்களேன்."

வேலை நிறைய இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டுதான்.